வெட்டிய மரத்தின் நிழலுக்கு ஒரு செடி

புராவி தன் வீட்டு முற்றத்தில் நின்ற நாரத்தை மரத்தை வேரோடு வெட்டி எடுத்த பிறகும் அதன் நிழல் அங்கேயே இருந்தது. புரட்சி நடந்த வருஷம், மார்ச் மாதம், பூ உச்சத்தில் இருந்த சமயம். கிளைகளை வண்டியில் ஏற்றி ஹம்மாம் குளியல்கூடத்து அடுப்புக்கு அனுப்பினார். அடிமரத்தைத் தச்சர் எடுத்துப்போனார். வேரைத் தோண்டி, குழியை மூடி, மேலே தரைக்கல் பதித்து, சிமெண்டும் பூசியாயிற்று. மறுநாள் வெயில் முற்றத்துக்குள் இறங்கியபோது மரத்தின் நிழலும் கூடவே இறங்கியது. காலையில் மேற்குச் சுவரில் சாய்ந்திருந்தது, உச்சியில் சுருங்கித் தன் காலடிக்கே வந்தது, பிற்பகலில் கிழக்கே சமையலறை வாசல்வரை நீண்டது. மேகம் மூடினால் மறைந்தது, விலகினால் வந்தது. காற்றடித்தால் இலைகள் அசைந்தன. மரம் இல்லாதது ஒன்றுதான் குறை, மற்றபடி நிழலின் நடத்தையில் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மரத்தின் மேல் அவருக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகன் வஜ்தி குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் படிப்பைப் படித்துவிட்டு, பழுதான பெட்டி ஒன்றுகூடக் கைக்கு வராமல், அப்பாவின் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். புராவியின் கடை மீன் சந்தை முனையில் இருக்கிறது. விடியற்காலையில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, மாவை வளையமாக இழுத்துப் போட்டுப் பொரித்துக் கொடுப்பார், ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் காலை ஆகாரம். அந்த மார்ச்சில் புரட்சிக் குழப்பத்தில் காவலுக்கு ஆளில்லாமல் கடற்கரை திறந்து கிடந்தது. பையன்கள் கூட்டம் கூட்டமாகப் படகேறிப் பிழைப்புத் தேடி அக்கரையில் இருக்கிற லாம்பதூசாத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மகனும் பெயர் கொடுத்திருக்கிறான் என்று காதில் விழுந்த அன்று புராவி தெருக்கதவைப் பூட்டிச் சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். வஜ்தி கதவுப் பக்கமே போகவில்லை. நாரத்தை மரத்தில் ஏறி, மாடிச் சுவரைப் பிடித்து, பக்கத்து வீட்டு மாடி வழியாகத் தெருவில் இறங்கிப் போய்விட்டான். கடைக்குக் கிளம்ப எழுந்த புராவி முற்றத்தில் உதிர்ந்து கிடந்த பூவையும் முறிந்த சிறு கிளையையும் பார்த்தார். அன்று கடை திறக்கவில்லை. கோடாலி கடன் வாங்கப் போனார்.

அவர் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகனிடமிருந்து போன் வந்தது. அவர் மனைவி மன்னூபியா சமையலறையில் நின்று எடுத்தாள். "உம்மா, திட்டாத. கரை இன்னும் தெரியுது. நம்ம வீட்டுப் பூ வாசனை இங்க வரைக்கும் வருதும்மா, சத்தியமா." அவள் அழுகையும் சிரிப்புமாக, "மோந்து பாத்தது போதும், அந்த வாசனையப் பிடிச்சிக்கிட்டே திரும்பி வாடா" என்றாள். அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான், தொடர்பு அறுந்தது. அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். வெட்டுப்படுகிற நாரத்தை நிற்கிற நாரத்தையைவிட அதிகமாக மணக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவனிடமிருந்தும், அந்தப் படகில் போன எங்கள் ஊரின் மற்றப் பையன்களிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. படகு மூழ்கியதாகவும் யாரும் சொல்லவில்லை, கரை சேர்ந்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

நிழலைப் பார்க்க முதல் மாதம் கூட்டம் வந்தது. மருந்துக்கடைக்காரர் கைக்கண்ணாடியால் அதன் மேல் வெயிலைத் திருப்பி அடித்துப் பார்த்தார். வெயில் பட்ட இடத்திலும் இலை நிழல் இருந்தது, கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இமாம் வந்து உட்கார்ந்து, நிழல் யார் கொடுத்தாலும் அல்லாஹ் கொடுத்தது, உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள், சுண்ணாம்பின் மேல் விழுந்தது. பழைய ஜமுக்காளத்தை விரித்துப் பார்த்தார்கள், ஜமுக்காளத்தின் மேல் விழுந்தது. இரண்டாம் மாதம் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அதன் பிறகு நிழலைப் பற்றி யாராவது பேசினால் அது மன்னூபியாதான், அதுவும் ஹரிஸாச் சாந்து அரைக்க மிளகாய் காயப்போட முற்றத்தில் பாதி இடம்தான் மிஞ்சுகிறது என்ற புலம்பலாகத்தான் இருக்கும்.

அடுத்த மார்ச்சில் நிழல் பூத்தது. தரைக்கல்லில் சின்னச் சின்னப் புள்ளிகளாக மொட்டு நிழல்கள் வந்தன, பிறகு விரிந்தன, பிறகு இதழ் நிழல்கள் ஒவ்வொன்றாகக் காற்றில் மிதந்து வந்து தரையில் படிந்தன. மன்னூபியா காலையில் துடைப்பத்தால் கூட்டினாள். ஓலைத் துடைப்பத்தில் எதுவும் சேரவில்லை, ஆனாலும் கூட்டினாள். தேனீக்கள் வந்து, ஒன்றுமில்லாத வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின. எல்லாம் இருந்தது, வாசனை மட்டும் இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு செம்புப் பானையை அடுப்பில் ஏற்றிப் பூநீர் வடிக்கிற மாதம் அது. தெருவே மணந்தது. அவள் வீட்டு முற்றம் மட்டும் கழுவிய தட்டு மாதிரி ஒரு வாசனையும் இல்லாமல் கிடந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு வா என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். பிடிப்பதற்கு இப்போது இந்த வீட்டில் எதுவும் இல்லை. அவன் எங்கேயோ ஒரு கடலில், எங்கேயோ ஒரு கரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று அவள் உறுதியாக நம்பினாள். முற்றத்தில் மறுபடியும் பூ மணக்க வேண்டும், அது கடல்வரை போக வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேலையே இல்லை என்று சொல்லலாம்.

இன்னொரு நாரத்தையை வைத்தால் முடிந்தது என்று தோன்றும். புராவி கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். "இந்த வீட்டுல இனி எதுவும் என் இடுப்புக்கு மேல வளரக் கூடாது. ஏறி ஓடுறதுக்கு ஒண்ணு போதும்." வஜ்தி எந்த வீட்டு மாடி வழியாக இறங்கிப் போனானோ அந்தப் பக்கத்து வீட்டு ஷெத்லியா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினாள்: "இனி யாரு ஏறப் போறா ஸி புராவி, பூனையா? பூனைக்கு உங்க மரம் எதுக்கு, என் சுவரே போதும்!" அவர் நேரே போய்க் கொல்லன் கடையில் ஒரு பெரிய கத்தரி வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். ஆக, அவளுக்கு வேண்டியது இதுதான்: பாதி நாள் நிழல் விழுகிற முற்றத்தில் வளரக்கூடியது, இடுப்பளவில் நின்றுவிடக்கூடியது, கடல்வரை மணக்கக்கூடியது. எளிதாகக் கேட்டுவிடலாம்.

திங்கள்கிழமைச் சந்தையில் கமைஸ் மாமா செடி விற்பார். பெண்களை மரியாதையாக லல்லா என்று அழைப்பார், எந்தச் செடியைக் கேட்டாலும் "தாராளமா வரும்" என்பது அவர் வாடிக்கை. வராமல் போனால் தண்ணீரின் மேல் பழி போடுவார், தண்ணீரும் சரி என்றால் மருமகளின் கண் பட்டது என்பார். அவர் முதலில் கொடுத்தது குண்டுமல்லி. "அரை நிழலா லல்லா? தாராளமா வரும். குட்டையா, கட்டுக்கோப்பா நிக்கும்." குட்டையாகத்தான் நின்றது, இலை பச்சைப் பசேலென்று செழித்தது, ஆனால் மொட்டே வைக்கவில்லை. மல்லிக்கு வெயில் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை, விற்க வேண்டிய செடி நிறைய இருந்தது. தொட்டியை வெயில் பக்கம் நகர்த்தினாள். அந்தக் கோடையில் நிழலும் வளர்ந்தது. மரம் இருந்திருந்தால் வருஷத்துக்கு எவ்வளவு பரவியிருக்குமோ அவ்வளவு பரவியது, அதில் வஞ்சனை இல்லை. மல்லி மறுபடியும் நிழலுக்குள் வந்துவிட்டது.

பிறகு பிச்சி. அது நிழலைப் பொருட்படுத்தாது, ஆனால் கொடி. ஒரே வசந்தத்தில் சுவரில் பாதி ஏறியது. புராவி வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் போகிறதற்கு முன்னால் கத்தரியை எடுத்து இடுப்பு மட்டத்துக்கு நறுக்குவார். பூக்கிற கொழுந்து எல்லாம் அந்த நறுக்கலில் போகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். அடுத்து இரவில் பூக்கும் ஒரு செடி, கஸ்தூரி என்று பெயர். அது மணந்தது, சந்தேகமே இல்லை. ஷெத்லியாவின் கணவர் மப்ரூக் தலைவலியில் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "மன்னூபியா, உன் பிள்ளைக்கு வழி தெரியணும்னா தெரியட்டும்மா. நாங்க கதவச் சாத்திக்கிட்டு வெந்து சாகணுமா?" அந்த மணம் தெருமுனைகூடத் தாண்டவில்லை, மப்ரூக்கின் தலையோடு நின்றுவிட்டது. அதையும் பிடுங்கினாள். திருநீற்றுப்பச்சை வைத்தாள், குளிர் வந்ததும் கருகியது. காபியில் போடுகிற வாசனை ஜெரானியம் வைத்தாள். அது நிழலில் நன்றாகப் புதர்கட்டியது, இடுப்பைத் தாண்டவில்லை, எல்லாப் பொருத்தமும் இருந்தது, ஆனால் தொட்டால்தான் மணக்கும். அவள் போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் சுட்ட ரொட்டி ஜெரானியம் மணந்தது, துவைத்த சட்டை மணந்தது, புராவியின் கடை எண்ணெய்கூட ஒரு வாரம் மணந்தது. கடலை யார் போய்த் தொட்டுவிட்டு வருவது?

இந்த வருஷங்களில் புராவி சும்மா இருக்கவில்லை. வஜ்தி கடலுக்கு அப்பால் பலெர்மோ நகரத்தில் இருப்பதாகக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மேல கோவம். அதான் போன் போடல. கூட வேலை செய்யிற பையன் சொல்லி அனுப்பினான்." முதல் வருஷம் வஜ்தி தக்காளி பறித்தான். இரண்டாம் வருஷம் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு ரொட்டிக் கடைக்கு மாறினான். பிறகு படித்த படிப்புக்கேற்ற வேலையே கிடைத்தது. ஐஸ்கிரீம் கடைகளின் பெட்டிகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பழைய கார் ஒன்று வாங்கினான், அதில் பின்கதவு சரியாகச் சாத்தாது. தாடி வளர்த்தான், எடுத்தான். சூடான வளையத்தை ஊதி ஊதித் தின்றுகொண்டே நாங்கள் எல்லோரும் கேட்போம், அந்தக் கார்க் கதவைச் சரிசெய்தானா என்று அக்கறையாக விசாரிப்போம். ஒருவர்கூட அதை மறுத்துப் பேசியதில்லை. மன்னூபியாவிடமும் அவர் இதையே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, "அப்படின்னா வாசனை அவ்வளவு தூரம் போகணும்" என்று மட்டும் சொல்வாள்.

கமைஸ் மாமா கைவசம் இருந்ததையெல்லாம் விற்று முடித்த ஒரு திங்கள்கிழமை, தன் தொழிலுக்கே விரோதமாக உண்மை பேசப் பார்த்தார். "லல்லா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. அரை நிழல்ல, இடுப்பளவுல, வருஷம் பூரா பச்சையா, இலையும் மணந்து பூவும் மணந்து நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்..." மன்னூபியா கையைத் தூக்கினாள். "வாயக் கழுவுங்க மாமா. அது பேர என் முன்னால சொல்லாதீங்க." அவர் வாயை மூடிக்கொண்டு தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனார். அவர் சொல்ல வந்தது ரைஹான். பளபளப்பான சிறு இலை, கோடையில் வெள்ளைப் பூ, குன்று முழுக்கத் தானாகவே வளரும். அவள் வீட்டு நிழலுக்கு அதுதான் சரி என்று ஊரில் எல்லோருக்கும் முதல் வருஷமே தெரியும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் ரைஹானை ஒடிப்பது செத்தவர்களின் கபர் மேல் வைப்பதற்கு. பெருநாளன்று, ஆஷூராவன்று, வெள்ளிக்கிழமைகளில், கையில் ரைஹான் கொத்தோடு ஒருவர் நடந்தால் எங்கே போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. அதை வீட்டுக்குள் வைத்தால் வீட்டில் ஒரு கபர் இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் கோபம் தணிந்ததும் கமைஸ் மாமா வேறொன்றைக் கொண்டுவந்தார். முனிசிபாலிட்டிப் பூங்காவில் வேலியாக வைக்கிற குட்டைச் செடி, தடித்த இலை, அச்சு அசலாக நாரத்தைப் பூ வாசனை. அரை நிழலில் பூத்தது, இடுப்பு உயரத்தில் நின்றது. ஷெத்லியா கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "அதேதான் அடியே, அதேதான்!" என்று கட்டிப்பிடித்தாள். மன்னூபியா அதன் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க மோந்து பார்த்தாள். சாயங்காலம் எழுந்தாள். "இல்ல. இது முனிசிபாலிட்டி வாசனை. இத நம்பி வந்தா என் பிள்ள நேரா முனிசிபாலிட்டி ஆபீசு வாசல்ல போய் நிப்பான்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். செடியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வருஷப் பெருநாளில்தான் ஷெத்லியா அந்தக் காரியத்தைச் செய்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. கபரஸ்தானில் தன் தாய்க்கும் தகப்பனுக்கும் ரைஹான் வைத்துவிட்டுத் திரும்புகிறவள், எல்லோரும் கொத்தோடு போகிற நாளில் தன் சிநேகிதி வெறுங்கையோடு சமையலறையில் நிற்கிறாளே என்று மனசு பொறுக்காமல், ஒரு கொத்தைத் தனியே எடுத்து வைத்திருந்து நேரே அவள் வீட்டுக்குள் வந்தாள். "இந்தா, உனக்கும் ஒண்ணு எடுத்து வச்சேன்." மன்னூபியா கொத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "யாருக்கு?" ஷெத்லியாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. "யாருக்குடி கொண்டாந்த? சொல்லு! எங்க வீட்டுல யாரு செத்தா?" கொத்தைப் பிடுங்கி முற்றத்தில் வீசி, அவளைத் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் தனித்தனியாக மிளகாய் காயப்போட்டார்கள், ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும். வீசிய கொத்தைப் புராவி சாயங்காலம் அள்ளிக்கொண்டு வெளியே போனார். குப்பையில் போட்டிருப்பார் என்று மன்னூபியா நினைத்தாள்.

வருஷங்கள் போயின. நிழல் இப்போது முற்றத்தில் பாதிக்கு மேல் படர்ந்துவிட்டது, குளிர்காலத்தில் அதில் பழ நிழல்கள் உருண்டையாகத் தொங்கின, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டி விளையாடின. மன்னூபியா வைக்காத செடி இல்லை. புராவியின் கடைக் கதையில் வஜ்திக்குப் பெண்ணும் பார்த்தாயிற்று. அந்த ஊர்ப்பக்கமே, கத்தானியா பக்கத்துப் பெண், நர்ஸ், மாமியாருக்கு அரபியில் சலாம் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பெண்ணின் அப்பாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், ஆனால் மசிந்துவிடுவார். ஒரு வியாழக்கிழமை காலை மப்ரூக் வளையத்துக்காக நின்றுகொண்டிருந்தார். மனைவிகள் பேசாவிட்டாலும் அவர் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. கேலி ஒன்றுமில்லாமல், உண்மையான ஆசையோடு கேட்டார்: "கல்யாணம் எப்ப வச்சிருக்கு ஸி புராவி? நம்ம ஊர்லேர்ந்து யாராச்சும் போகணும்ல. அந்தப் பக்கம் ஒரு கூட்டம் வரும், பையன் பக்கம் ஆளே இல்லாம நின்னா நல்லாவா இருக்கும்?"

புராவி கரண்டியோடு நின்றார். எண்ணெயில் கிடந்த வளையம் பொன்னாகி, சிவந்து, கறுத்தது. புகை வந்தது. இத்தனை வருஷமாக அவர் பையனுக்கு வேலை கொடுத்திருக்கிறார், கார் கொடுத்திருக்கிறார், பெண்ணும் கொடுத்தார். கல்யாணத்தன்று பக்கத்தில் நிற்க ஒரு ஆளைக் கொடுக்க அவரால் முடியவில்லை. "புராவி, கருகுது" என்றார் மப்ரூக். "ஆமா" என்றார் அவர். அடுப்பை அணைத்தார், கரண்டியைத் துடைத்து மாட்டினார், வரிசையில் நின்றவர்களிடம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கடையின் பின்கட்டுக்குப் போனார். அங்கே மாவு மூட்டைகளுக்கு அப்பால், வானம் தெரிகிற இடுக்கில், ஒரு பெரிய தக்காளிச் சாந்து டின்னில் ரைஹான் செடி ஒன்று நின்றது. நெருக்கமாகக் கிளைவிட்டு, முழங்கால் உயரம் இருந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு, ஊர் பார்க்க, தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்.

தரைக்கல்லை உளியால் பெயர்க்கிற சத்தம் கேட்டு மன்னூபியா வெளியே வந்தாள். நிழலின் நடுவில், குழி தோண்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். டின் பக்கத்தில் இருந்தது.

"என்ன அது?"

"செடி."

"என்ன செடின்னு எனக்குத் தெரியாதா? யாருக்கு வைக்கிறீங்க அத?"

அவர் மண்ணைக் கையால் அள்ளிக்கொண்டே இருந்தார். "நிழல்ல இதுதான் வரும், மன்னூபியா. நீயும் எல்லாத்தையும் வச்சுப் பாத்துட்ட."

அவள் கிட்டே போய் டின்னுக்குள் பார்த்தாள். அடித்தண்டு மரமாகிப் பட்டை கட்டியிருந்தது. ஒரு வருஷத்துச் செடி இல்லை. "எப்பலேர்ந்து வளக்குறீங்க?"

"ஷெத்லியா கொண்டாந்த பெருநாள்லேர்ந்து. அந்தக் கொத்துல ஒரு குச்சி வேர் விட்டுது."

"அப்ப பலெர்மோ? அந்தக் காரு? அந்தப் பொண்ணு?"

"கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க. ஏதாச்சும் சொல்லணும்ல" என்றார் புராவி. டின்னைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு எடுத்தார், பாதி மண் உதிர்ந்தது. மன்னூபியா அதைப் பிடுங்கி எறிவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவள் எறியவில்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாள், மகன் போனதிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அங்கே உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, பெயர் சொல்லி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஷெத்லியாவும் அழுதாள், இந்தப் பக்கத்துக்குக் கேட்டது. புராவி குழிக்குள் கையை வைத்தபடியே இருந்தார். வெயில் திரும்பி, நிழல் அவள் காலடிவரை வந்த பிறகு மன்னூபியா எழுந்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வேரில் ஊற்றினாள். "மண்ண நல்லா அழுத்துங்க, இல்லன்னா சாஞ்சிரும்" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஷெத்லியா கதவருகே வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றாள். மன்னூபியா ஒரு சின்னக் கிளையை ஒடித்து அவள் கையில் வைத்தாள். "உங்க உம்மாவுக்கு வையி" என்றாள். பிறகு அவளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படகில் போன மற்றப் பையன்களின் தாய்மார் வந்தார்கள். கொத்து வாங்கினால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களுக்கும் தெரியாது. சிலர் கடற்கரைக்குப் போய் அலையில் விட்டார்கள், சிலர் நிழலில் உட்கார்ந்து தரைக்கல்லின் மேலேயே வைத்தார்கள். பிறகு மற்ற ஊர்ப் படகுகளின் தாய்மார் வந்தார்கள், பஸ் ஏறி, பைக்குள் ரொட்டி வைத்துக்கொண்டு. ஒவ்வொருத்தியிடமும் பிள்ளையின் பெயர் என்ன, என்ன விரும்பிச் சாப்பிடுவான் என்று மன்னூபியா கேட்பாள். ரைஹான் அந்த நிழலில் கமைஸ் மாமா சொல்ல வந்ததைவிட நன்றாகவே வளர்ந்தது. கோடையில் இலை தெரியாமல் பூத்தது. புதிதாக வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நிழலுக்குள் உட்காருகிறார்கள். ஒருத்தியும் மரம் எங்கே என்று அண்ணாந்து பார்ப்பதில்லை.

இரண்டு கோடைக்கு முன் மப்ரூக்கின் தம்பி, படகு வைத்திருக்கிறவர், கடையில் வளையம் வாங்கும்போது சொன்னார்: வடகிழக்கே, கரை கண்ணிலிருந்து மறைந்து வெகுநேரம் போன பிறகு ஒரு இடத்தில் ரைஹான் மணக்கிறது, நடுக்கடலில், மீன் வாசனையையும் டீசல் வாசனையையும் மீறிக்கொண்டு. அன்றைக்கு மத்தி என்ன விலை போனது என்று சொன்ன அதே மூச்சில் இதையும் சொன்னார். புராவி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். "காத்து எந்தப் பக்கமாம்?" என்று கேட்டாள் மன்னூபியா. "கரையிலேர்ந்து." அவள் அந்தச் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள். "சரி. போய்ச் சேந்துருச்சு" என்று சொல்லிவிட்டு மிளகாயைத் திருப்பிப் போட எழுந்தாள். இப்போது எங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் அந்த இடம் வந்ததும் எஞ்சினை நிறுத்துகின்றன. தொப்பியைச் சரிசெய்து, கைகளை விரித்து, இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓதுகிறார்கள். யார் யாருக்கு என்று கேட்பதில்லை. ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு வலையை இறக்குகிறார்கள்.